சுற்றிப் போட்ட மாத்திரை

வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான். "மிச்ச மாத்திரை எங்கம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, மாத்திரை டப்பாவை உப்பு மிளகாயோடு சேர்த்து அவள் தலையைச் சுற்றி, தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் குப்பையைக் கீழே தள்ளும் குழாயில் போட்டுவிட்டாராம். திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, இருந்த ஒரே ஆதாரம் போய்விட்டது. வக்கீல் மட்டும் எதிரில் இல்லையென்றால் அம்மாவைக் கடித்துக் குதறியிருப்பேன்.

லிட்டில் இந்தியாவில் புருவம் திருத்தும் கடைக்காரிதான் அந்த மாத்திரையை விற்றவள். மூலிகை, உடம்பு தானாக இளைக்கும் என்றாள். அக்கா இளைத்தது உண்மைதான். கூடவே இதயமும் கெட்டது. இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வேலையும் போயிற்று. கடைக்காரியோ, மாத்திரையே இல்லை, டீத்தூள்தான் விற்றேன் என்று சாதிக்கிறாள். அவள் விற்ற மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பினால்தான் நஷ்டஈட்டு வழக்கு நிற்கும் என்றார் வக்கீல்.

அக்காவின் தோழி ஒருத்தியும் அதே மாத்திரையை வாங்கியிருந்தாள். போன் செய்தால் எடுக்கவில்லை. பொங்கோலில் அவள் வீட்டுக்கே நானும் அக்காவும் போய் நின்றோம். கதவைத் திறந்தவள் இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல லா. அப்பவே நிறுத்திட்டேன். ஹஸ்பண்டுக்குத் தெரிஞ்சா பெரிய பிராப்ளம். கோர்ட்டு அது இதுன்னு என்னை இழுக்காதீங்க, ப்ளீஸ்."

பச்சைப் பொய். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க நான் வாயெடுத்தேன். அக்கா என்னை ஒதுக்கிவிட்டு, கம்பிக்குள் கைவிட்டுத் தோழியின் கையைப் பிடித்தாள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதா? தூங்க முடியலையா? எனக்கும் முதல்ல அப்படித்தான்டி இருந்துச்சு."

தோழி பொலபொலவென்று அழுதுவிட்டாள். உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து கம்பி வழியாக நீட்டினாள்.

"இன்னிக்குக் காலையிலகூட ஒண்ணு போட்டேன்."

எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, மறைப்பானேன். வழக்கு பிழைத்துவிட்டது. வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினேன்.

"டாக்சி கூப்பிடு," என்றாள் அக்கா.

"ஆமா, வக்கீல் கிளம்புறதுக்குள்ள போயிடலாம்."

"வக்கீல் கிடக்கட்டும்." அக்கா தோழியின் கையை இன்னும் விடவில்லை. "சாவிய எடுடி. முதல்ல உன்னை ஆஸ்பத்திரியில காட்டணும்."