பேர் சொல்லி வாறவை

கோட்டைக் கழற்றுமுன் அஞ்சலீனா கதவுச் சங்கிலியை இழுத்துப் பார்ப்பாள். பிறகு பின்கதவு. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, மறுபடி முன்கதவு. ஹென்டனில் ஒரு பல் வைத்தியசாலைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த யூதக் குடும்ப ஆவணக் காப்பகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. யூத இடம் என்று தெரிந்தால் கல்லெறிகிற காலம். அவளுக்கு அதுவே பெரிய ஆறுதல். வீடு இருக்கும் வெம்பிளியில் அயலவர் கேட்டால் "ஒஃபிஸ் வேலை" என்பதோடு சரி.

செத்தவர்களின் வீடுகளிலிருந்து பெட்டி பெட்டியாய் வரும் பழைய படங்களைத் தூசு தட்டி, ஸ்கேன் செய்து, உறையில் இடுவாள். பேரப்பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலிருந்தோ வேர் தேடி வருவார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு பாடும். ஆனால் படியேறும் சத்தம் கேட்டாலே இவள் கையில் இருக்கும் படத்தைக் கவிழ்த்துவிடுவாள். "பேர் சொல்லித் தேடி வாறவையை நம்பேலாது" என்பது அவளுடைய வேதவாக்கு. ஊரில், பேசாலையில், சின்னவளாக இருந்தபோது, வாசலில் நின்றவர்கள் அண்ணனின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். "ஓம், உள்ளுக்கு நிக்கிறார்" என்றவள் அவள்தான். அவர்கள் கொண்டுபோன அண்ணன் திரும்பி வரவேயில்லை.

போன கிழமை, பொறுப்பாளர் றூத் வெளியே போயிருந்த நேரம், ஒரு கிழவர் வந்து மணியடித்தார். சங்கிலி போட்டபடியே கதவைத் திறந்தாள். புவனோஸ் அயர்ஸிலிருந்து வருகிறாராம், அன்றிரவே திரும்ப விமானமாம். அம்மாவின் குடும்பம் ஸில்பர்மன், அவர்களின் படம் ஒன்றாவது இங்கே இருக்கிறதா என்று கேட்டார். படம் அவள் மேசையிலேயே கவிழ்ந்து கிடந்தது. பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றாள். கிழவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

உடனே கணவன் நிஷாந்தனுக்குப் போன் அடித்தாள்.

"படம் தேடி வந்த மனுசனிட்ட இல்லையெண்டு சொல்லிப்போட்டனப்பா. படம் என்ர மேசையிலதான் கிடக்குது."

"அந்த மனுசன் ஒருத்தரையும் பிடிச்சுக்கொண்டு போக வரேல்லை," என்றான் அவன். "ஓடிப் போய்க் கூட்டிக்கொண்டு வாரும்."

ஓடினாள். அந்த அவசரத்திலும் கதவைப் பூட்டாமல் போவாளா? பஸ் தரிப்பிடத்தில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்ட கிழவரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

மேலே கூட்டி வந்து படத்தை நிமிர்த்தினாள். ஒரு மர வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்த நான்கு பிள்ளைகள். கிழவர் விம்மிவிட்டார். கடைக்குட்டியைக் காட்டி, அம்மாவாக இருக்குமோ, கண்ணாடியை ஹோட்டலில் விட்டுவிட்டேன், பின்னால் பெயர்கள் இருந்தால் வாசிக்க முடியுமா என்று கேட்டார்.

பெயர்கள் இருந்தன. அஞ்சலீனா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு அவர் காதருகே குனிந்து, முதல் பெயரை வாசித்தாள்.