பெரிய மூக்கு ஹெரால்டு

தனக்கோடி மாமாவுக்குக் கோபம் வராது. அவருக்கு வரவேண்டிய கோபமும் சேர்ந்து எனக்குத்தான் வரும். என் அக்கா அன்புக்கரசியின் புருஷன் அவர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அச்சு செய்கிறார். கரண்ட் கம்பத்து மேலே இருக்கும் பீங்கான், பியூஸ் கட்டை, கோப்பை, பொம்மை எதுவானாலும் முதலில் மாமா கையில் களிமண் மாதிரியாக உருவாகி, அதற்கு மேல்தான் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பார்கள். அளவு சரியில்லை என்று அவருடைய அச்சு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவர் சொல்லமாட்டார். அக்காதான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நான் விருத்தகிரி, ஜங்ஷன் ரோட்டில் டீசல் மெக்கானிக். 2006 தை மாதம் மங்கலம்பேட்டையில் ஒரு பாய் வீட்டு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனபோது மாமாவும் கூட வந்தார். அந்த வீட்டின் பின்னால் ஒரு பழைய ஹெரால்டு கார் கிடந்தது. இரண்டே கதவு, தாழ்ந்த உடம்பு. ஒரு காலத்தில் சோழவரம் பந்தயத்தில் ஓடிய ஜாதி. இப்போது அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. துபாயில் இருக்கிற மகன் அந்த இடத்தில் வீடு கட்டப்போகிறான், இதை யாராவது எடுத்துப் போனால் புண்ணியம் என்று பாய் பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாள் காலையிலேயே மாமா டிராக்டரும் கயிறுமாகப் போய் நின்றுவிட்டார்.

கார் வந்து அடைந்த இடம் அக்காவின் கொட்டகை. வாசலில் இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளிதான். தள்ளி உள்ளே விடுவதற்குள் எனக்கு இடுப்பு போயிற்று. அக்கா அங்கேதான் கார்த்திகைக்கு அகல் விளக்கு செய்கிறாள். வெயில் காலத்தில் வெளியே காயவைத்துக்கொள்வாள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தக் கூரைதான் கதி. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"ஐப்பசி ஒண்ணாந்தேதி எனக்குக் கொட்டாய் வேணும். அன்னைக்கு இது தானா ஓடிப் போனா சரிங்க. இல்லன்னா பழைய இரும்புக்காரன் வண்டியில ஏத்தி அனுப்பிடுவேன்."

அக்கா சொன்னால் செய்கிறவள். என் பழைய சைக்கிளை அப்படித்தான் அனுப்பினாள்.

எனக்கு எரிச்சல். துருப்பிடித்த தகரத்தை வைத்துக்கொண்டு இந்த வயதில் என்ன விளையாட்டு என்று மாமாவிடம் கத்தினேன். அவர் காரின் மூக்கை, அதாவது பானெட் தகட்டை, துடைத்தபடியே சொன்னார்: "நான் செஞ்சது எல்லாமே ஒரு எடத்துல ஒக்காந்துதான் இருக்குது மச்சான். கம்பத்துல, அலமாரியில, ஷோகேஸ்ல. ஒண்ணாவது ஓடணும்."

அந்தப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். விழுந்தது மட்டுமில்லை, அவரைவிடப் பெரிய பைத்தியமாகவும் ஆனேன். என் பட்டறையில் விபத்தில் நொறுங்கிய டீசல் கார் ஒன்றின் டர்போ சும்மா கிடந்தது. என்ஜினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. இருக்கிற என்ஜினுக்கு இன்னொரு பங்கு தெம்பு வரும். ஓடினால் மட்டும் போதாது, பறக்கவேண்டும் என்றேன். மாமா தலையாட்டினார்.

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எங்களுக்கு இல்லை. என்ஜினைப் பிரித்துக் கட்டினேன். டர்போவின் சூடு ஒயர்களை எரிக்காமலிருக்க, சூளைக் கதவுக்குச் சுற்றும் வெள்ளைப் பீங்கான் கம்பளியில் மிச்சம் கிடந்ததைத் தன் பட்டறையில் கேட்டு வாங்கிவந்தார் மாமா. எல்லாம் சரி, டர்போ மட்டும் உயரம். மூக்கை மூடினால் இடித்தது. ஹெரால்டுக்கு மூக்கும் முன்சக்கரத்து மட்கார்டும் ஒரே துண்டு. மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அந்தத் துண்டும் சல்லடையாக இருந்தது. பைபரில் புதுசாகச் செய்துவிடலாம், அது என் வேலை என்றார் மாமா. டர்போவை நிமிர்த்தவா சாய்க்கவா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய மூக்கை என் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு, களிமண்ணில் மாதிரி செய்து, பிளாஸ்டர் அச்செடுத்து, பைபர் ஒட்டி உரித்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. புரட்டாசி கடைசி வாரம், நாலு நாள்தான் பாக்கி, இருவரும் தூக்கி வண்டியில் வைத்தோம்.

மூக்கு இருபுறமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நீளமும் அப்படியே. சின்னப் பையன் அப்பாவின் சட்டையைப் போட்டதுபோல இருந்தது. எழுதிய அளவையெல்லாம் மறுபடி பார்த்தோம். எல்லாம் சரி. எனக்கு என்னவோ பொறிதட்டி, மாமாவின் சட்டைப்பையிலிருந்த ஸ்கேலை உருவி என் ஸ்கேலோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். என்னுடையதில் ஒரு அடி முடிந்த இடத்தைத் தாண்டி, அவருடைய அடி இன்னும் ஒன்றேகால் அங்குலம் போயிற்று.

களிமண் காய்ந்து வெந்தால் சுருங்கும். அதனால் அச்சுக்காரர்கள் மாதிரியைப் பெரிதாகச் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமலிருக்க, அங்குலத்தையே பெரிதாகக் குறித்த ஸ்கேல் வைத்திருப்பார்கள். பைபர் சூளைக்குப் போகாது. ஆனால் மாதிரி செய்ய உட்கார்ந்ததும், இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் கை தானாக அந்த ஸ்கேலை எடுத்துவிட்டது. ஐந்தடி மூக்கு ஐந்தரை அடியாகிவிட்டது.

வேறு யாராவது என்றால் நான் சிரித்தே செத்திருப்பேன். மாமாவின் முகத்தைப் பார்த்தபிறகு சிரிப்பு வரவில்லை. ஸ்கேலை வாங்கி மேல் பரணில் போட்டார். புது மாதிரி செய்ய நேரமில்லை; பிளாஸ்டர் காயவே ஒரு வாரம் ஆகும். "இரும்புக்காரன வரச்சொல்லு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

அக்கா கொட்டகைக்குள் வந்து அந்த மூக்கை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தானடா இருக்குது. பொம்மைக்குத் தலைய பெருசா வெச்சாதான் புள்ளைங்க கை நீட்டுது."

மூக்கைத் திறந்து மூடிப் பார்த்தேன். டர்போ இடிக்கவில்லை. நெட்டுக்குத்தலாக வைத்தாலும் மேலே இரண்டு விரல் இடம் இருந்தது. ஆறு மாதம் நான் தீர்க்காததை அவருடைய தப்பு தீர்த்திருந்தது. நீளத்துக்குத் தக்கபடி பம்பரைத் தள்ளினேன்; ஒல்லிச் சக்கரத்தைக் கழற்றி, ஜீப்பின் தடிச் சக்கரம் நாலு போட்டேன். சாயங்காலம் மாமா வந்தபோது அது ஹெரால்டாக இல்லை. பாயப்போகிற காளை மாதிரி நின்றது. மாமா மட்கார்டை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கைகால் கழுவி, சாப்பாடு கேட்டார்.

ஐப்பசி ஒண்ணாந்தேதி காலையில் வானம் மூட்டமாக இருந்தது. விளக்குத் தட்டுகளை அக்கா வாசலில் அடுக்கி வைத்திருந்தாள். சாவியைத் திருப்பினேன். இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் டர்போ விசிலடித்தது. எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் குக்கர் என்று நினைத்து உள்ளே ஓடினாள். நான் இறங்கிக்கொள்ள, மாமா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மெதுவாக நகர்த்தினார். வாசல் வந்ததும் மூக்கு இரண்டு பக்கமும் முட்டி நின்றுவிட்டது. வாசலை அளக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மழை தூறத் தொடங்கியது. மூக்கைக் கழற்றி, வண்டியை வெளியே தள்ளி, மறுபடி மாட்டிக்கொள்ளலாம் என்றேன். மாமாவும் இறங்கி ஸ்பானரை எடுத்தார்.

"கழட்டித் தள்ளினா அது தானா போனதா ஆவுமா?" என்றாள் அக்கா. விளக்குத் தட்டுகளின் மேல் தார்ப்பாயை இழுத்து விட்டு, கடப்பாரையைக் கொண்டுவந்தாள். கூரை இரும்புக் கம்பத்தில் நின்றதால் சுவர் வெறும் மறைப்புதான். அவள் கட்டியது, அவளே இடித்தாள். பத்தாவது குத்தில் ஒரு முழம் சரிந்து விழுந்தது. கையைத் தட்டிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பழமலைநாதர் கோயில் தேரோடும் வீதி நாலையும் சுற்றினோம். பின்னால் நான் மடங்கி உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். வடக்கு வீதியில் மாமா கொஞ்சம் மிதித்தார். விசில் கேட்டது, முதுகு சீட்டில் ஒட்டியது. மாமா அழுதுகொண்டே ஓட்டினார். எனக்கும் கண் கலங்கியது. பெட்ரோல் வாடை என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்து வண்டியை வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு நிறுத்தினோம். விளக்குத் தட்டுகளை உள்ளே அடுக்கிய பிறகு, மாமா சரிந்த செங்கலைப் பொறுக்கி வாசலைத் திரும்பக் கட்ட உட்கார்ந்தார். என்னிடம் ஸ்கேல் கேட்டார். நான் எடுப்பதற்குள் அக்கா பரணிலிருந்து அவருடைய ஸ்கேலையே எடுத்து, முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"இதாலயே அளங்க. கார்த்திகை முடிஞ்சா வண்டி கொட்டாய்க்குள்ள வரணுமில்ல."