வேதப் படிப்பும் கட்டுண்ட என் நாவும்

பிரியமானவர்களே, ஊழியக்காரனுக்கு வியாதி வந்தால் சபையிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்கலாம். எனக்கு வந்ததோ வாய்விட்டுச் சொல்ல முடியாத கஷ்டம். அந்நியபாஷையில், அதாவது நாம் கற்காத பாஷையை ஆவியானவரே நாவில் தர, ஜெபிக்கும் வரம் என்னைவிட்டுப் போய்விட்டது. பெந்தெகொஸ்தே போதகனுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு என்ன இருக்கிறது?

அறுபதுகளின் ஆரம்பம். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஓலைக்கூரை போட்ட சபை எங்களுடையது. மூத்த ஊழியர்கள் என்னை மேல்படிப்புக்காகப் பெங்களூரில் ஒரு வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷப் படிப்பு. சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மூப்பர் செல்லையா முகத்துக்கு நேரே சொன்னார்: "படிக்கப் படிக்க ஆவியோட அபிஷேகம் அணைஞ்சு போகும் ஐயா. நல்லா யோசிச்சுக்கிடுங்க." நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. ரயில் ஏறும்வரை அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே கிரேக்கம், எபிரெயம், சபைச் சரித்திரம். பிரசங்கத்தைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். ஊரில் நான் எழுந்து நின்றாலே மடை திறந்த மாதிரி கொட்டும். இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று யோசித்தேன். முழங்காலில் நிற்கும்போதும் அதே யோசனை. ஒருநாள் காலை ஜெபத்தில் வாயைத் திறந்தேன், தமிழ்தான் வந்தது. மறுநாளும் தமிழ்தான். உபவாசம் இருந்தேன். அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. மூப்பர் சொன்னது பலித்துவிட்டதே என்று பயந்தேன்.

முதல் வருஷ விடுமுறையில் ஊருக்கு வந்தேன். ஆராதனையில் எல்லாரும் ஆவியில் நிறைந்து ஜெபிக்க, நான் கஞ்சிராவைப் பலமாகத் தட்டிச் சமாளித்தேன். என் மனைவி ரூபி விடுவாளா? "என்னங்க, வாய் அசையுது, சத்தத்தையே காணோமே?" என்றாள். அவளிடமும் மழுப்பினேன். ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன்: "வரத்தைத் திருப்பித் தாரும். இல்லாவிட்டால் நான் ஊழியத்துக்கு வேண்டாதவன் என்று அர்த்தம். விலகிக்கொள்கிறேன்."

அந்த வாரமே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை தீப்பிடித்தது. எங்கள் சபைச் சகோதரி பாக்கியத்தின் புருஷன் முத்தையாவுக்குக் கையும் மார்பும் வெந்துபோயின. அவர் விசுவாசி அல்ல; வருஷம் தவறாமல் இருக்கன்குடி மாரியம்மனுக்குப் போகிறவர். மூப்பரும் நானும் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"அந்நியபாஷையில ஜெபம் பண்ணுங்க ஐயா" என்று மூப்பர் என்னை முன்னால் தள்ளினார். இன்றோடு சாயம் வெளுத்துவிடும் என்று நினைத்தேன்.

அப்போது முத்தையா கண்ணைத் திறந்தார். "ஐயா, எனக்கு விளங்குற மாதிரி எதையாவது சொல்லுங்க. சாமி மேல அம்புட்டுக் கோவமா வருது. கோவப்படலாமா?"

பழைய நானாக இருந்தால் அதட்டியிருப்பேன். ஆனால், வேதத்தில் பக்தர்கள் ஆண்டவரோடு வழக்காடி அழுத பகுதிகளை வகுப்பில் வாரக்கணக்காகப் படித்திருந்தேனே! "தாராளமாக் கோவப்படுங்க அண்ணாச்சி. அவரு கேட்டுக்கிடுவாரு" என்றேன். கட்டிலருகே முழங்கால் போட்டு, அவருடைய வலியையும் கோபத்தையும் பிள்ளைகளையும் நல்ல தமிழிலேயே ஆண்டவர் முன் வைத்தேன். முத்தையா விம்மி விம்மி அழுதார். பிறகு தூங்கிப்போனார். மூப்பரும் என் பக்கத்தில் முழங்கால் போட்டு ஆமென் சொன்னார்.

முத்தையா பிழைத்தார்! கர்த்தருக்கே மகிமை. நான் திரும்பப் பெங்களூர் புறப்பட்டபோது மூப்பரே ஸ்டேஷனுக்கு வந்தார். "மிச்சத்தையும் படிச்சுட்டு வாங்க ஐயா" என்றார்.

ஆனால் வரம் திரும்பவில்லை. இரண்டாம் வருஷம் முழுவதும் தமிழிலேயே ஜெபித்தேன். பயம் மட்டும் போகவே இல்லை.

படிப்பு முடிந்து வந்த முதல் ஞாயிறு, முத்தையா சபைக்கு வந்தார். குறுகிப்போன கைகளை முடிந்தமட்டும் தூக்கினார். "ஆண்டவரே, எனக்கு இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு. ஆனா வந்துட்டேன்" என்று ஜெபித்தார். ஆமென் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது நான் அறியாத பாஷை. ரூபி என் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டாள்.

படிக்கத் தயங்கும் ஊழியச் சகோதரரே, நான் பயந்துகொண்டே போனேன், பயந்துகொண்டே படித்தேன், பயந்துகொண்டே திரும்பினேன். இப்பேர்ப்பட்ட என்னையே கைவிடாதவர் உங்களை விட்டுவிடுவாரா?