யார் என்று கேட்காத மேஜை

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் போகும்போது யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள். குரலை இன்னும் உயர்த்திக் கத்துவார்கள். டோரீன் மட்டும் நிறுத்துவாள். கடைசிப் பெட்டி தாண்டிப் போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். நான் ஆயாவாக வேலை பார்த்த பள்ளியில் அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளை நான் கவனிக்க ஆரம்பித்தது இதை வைத்துத்தான்.

அவள் அப்பா ஜெயராஜ் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்ப்பவர். அம்மா வீட்டிலேயே துணி தைப்பார். தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை வீடு. வகுப்பில் அவள் முதல் மாணவி இல்லை, கடைசியும் இல்லை. கன்னடத்தில் எப்போதும் தடுமாறித்தான் பாஸாவாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர்களை எங்கள் பள்ளிக்குக் கொடுத்தது. சொல்லித்தர வந்த சார் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் ஏதாவது நின்றுபோனால் நின்றதுதான். அதனால் தலைமை ஆசிரியை வித்யாலட்சுமி மிஸ், ஆர்வமுள்ள சில பிள்ளைகளை மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு மேஜை போட்டு உட்காரச் சொன்னார். அட்டையில் ‘ஹெல்ப் டெஸ்க்’ என்று எழுதி மாட்டினார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். மார்க் ஷீட் பிரிண்ட் ஆகவில்லை என்று டீச்சர்களும் வருவார்கள்.

ஆரம்பத்தில் அங்கே சீனுவின் அதிகாரம்தான். டோரீனின் வகுப்புப் பையன், வாய்த் துடுக்கு.

“எவன்டா ஒடச்சது? உண்மையச் சொல்லு.”

வந்த பிள்ளை அழுதுகொண்டே ஓடிவிடும். அந்த வாரத்திலேயே மேஜைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் கெட்டுப்போகிற கம்ப்யூட்டர்கள் குறையவில்லை.

“ஏய் சீனு, இது என்ன உப்பார்பேட்டை போலீஸ் ஸ்டேஷனா?” என்றாள் டோரீன். “யாருன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போற? என்ன ஆச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. அத மட்டும் கேளு.”

“யாருன்னு தெரியாம எப்படி?”

“எங்கப்பா வேலைல சிக்னல் கெட்டா, மேல இருக்கறவர் வந்ததும் மொதல்ல யாருன்னுதான் கேப்பாராம். எல்லாரும் வாய மூடிப்பாங்களாம். அப்புறம் என்ன ஆச்சுன்னு கண்டுபிடிக்கவே சாயந்திரம் ஆயிடுமாம்.”

அன்றிலிருந்து அந்த மேஜையில் யாரும் யார் என்று கேட்டதில்லை. நான் தாழ்வாரத்தைப் பெருக்கும்போது கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு பிள்ளை வந்து, “அக்கா, ஒரு பையன் கீபோர்டுல டீ ஊத்திட்டான்” என்று சொல்லும்போதே அந்தப் பையன் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் சட்டையிலேயே டீக் கறை இருக்கும். டோரீன் சட்டையைப் பார்க்காமல், “சக்கரை போட்டதா, போடாததா?” என்று மட்டும் கேட்பாள்.

அந்த வருடத் தசரா வந்தது. ஆயுத பூஜைக்குப் பள்ளி முழுவதும் பொட்டு வைத்தோம். மணி, தையல் மிஷின், தண்ணீர் மோட்டார் எதையும் விடவில்லை. ஆபீசில் பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் ஜகதாம்பாள் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மல்லேஸ்வரத்திலிருந்து வருகிறவர். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதன் பக்கமே போகாதவர்.

“ருக்கு, அந்த ரூமைக் கொஞ்சம் திற. அதுக்கும் ஒரு பூ வெச்சுட்டு வந்துடறேன்.”

திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டோடு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தார். மறுநாள் நான் போய்க் காய்ந்த துணியால் மேலே தூசி தட்டிப் பூட்டினேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைத்திருந்த பெரிய பெட்டி வேலை செய்யவில்லை. போட்டால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். அதைக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் மறுநாள் பார்க்க வருவதாக இருந்தது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

“ரூம் சாவி உன்கிட்டதானே ருக்கு? ஈரத் துணி போட்டுத் தொடச்சியா?”

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு நான்கு பேர் முன்னால் பேச வராது.

“வாயத் தொறந்து சொல்லேன். நீ தப்பு பண்ணியிருந்தா நான் வேற ஆள் பாக்கணும். கமிட்டிக்கு நான் பதில் சொல்லணும் இல்லையா?”

எனக்கு அந்த வேலை போனால் வேலை மட்டும் போகாது. நான் அங்கே வேலை செய்வதால்தான் என் மகளுக்கு ஃபீஸ் இல்லாமல் நான்காம் வகுப்பில் இடம் கொடுத்திருந்தார்கள். ஜகதாம்பாள் மேடம் உள்ளே போனதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சாமி கும்பிட்டால் இயந்திரம் கெடும் என்று யார் நினைப்பார்கள்?

மதியம் டோரீன் என்னிடம் வந்தாள். “என்ன ஆச்சுக்கா? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?”

“காஞ்ச துணிலதான்மா தொடச்சேன்.”

“சரிக்கா.” அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

உள்ளே போய் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்தாள். அப்போது பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுவதும் போகும்வரை அப்படியே மண்டியிட்டிருந்தாள். பிறகு, “ஃபேன் சுத்தல” என்றாள். மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கி, சீனுவை டார்ச் அடிக்கச் சொன்னாள். தன் தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து, உள்ளே சிக்கியிருந்த எதையோ மெதுவாக நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மஞ்சள் பூசிய அரிசி. அட்சதை.

“அடப்பாவி, கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடா” என்றான் சீனு. “நமக்குப் பத்திரிகையே வைக்கலயே.”

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அதைக் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்துவிட்டார். அரிசியைப் பார்த்தார்.

“பொட்டு வைக்கத்தானே சொன்னேன்? அட்சதை போட்டது யாரு?”

“தெரியாது மிஸ். நாங்க கேக்கல” என்றாள் டோரீன்.

“இப்போ கேளு.”

“கேக்கமாட்டோம் மிஸ். கேட்டா நாளைலேர்ந்து யாரும் வந்து சொல்லமாட்டாங்க.”

“அப்போ சாவி வெச்சிருந்தவதான்னு நான் எழுதறேன்.”

டோரீனின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் மாறவில்லை. “தொடச்சதால ஆகல மிஸ். அரிசிதான் காரணம். அக்காவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க வேணா மேஜைய எடுத்துடுங்க. அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க.”

சொல்லிவிட்டு வாசலில் மாட்டியிருந்த அட்டையைத் தானே கழற்றி அவரிடம் நீட்டினாள். எனக்காகப் பிறத்தியார் யாரும் அதுவரை எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

தலைமை ஆசிரியை அட்டையை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அப்போது பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான்தான் போட்டேன், வித்யா.”

ஜகதாம்பாள் மேடம். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நின்றார்.

“எல்லாத்துக்கும் பூஜை ஆச்சு, இது மட்டும் பாவம்னு தோணித்து. ஒரு பிடி அட்சதை போட்டேன். பக்கம் திறந்திருந்ததை நான் கவனிக்கலை. காலம்பறலேர்ந்து சொல்லணும்னு பாக்கறேன். கிழவி கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டாள்னு எல்லாரும் சிரிப்பாளேன்னு வாய் வரலை. இந்தப் பொண்ணு வந்து யாருன்னு கேட்டிருந்தா, சத்தியமா நான் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்.”

தலைமை ஆசிரியை குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

“பக்கத்து மூடி ஏன் தொறந்திருந்துச்சு?” என்று கேட்டார்.

“நாங்க கழட்டினோம் மிஸ்” என்றாள் டோரீன். “சூடாகுதுன்னு. லீவுக்கு முன்னாடி திருப்பி மாட்டல.”

தலைமை ஆசிரியை அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆக மொத்தம் ஊரே சேர்ந்து பண்ணியிருக்கீங்க. அந்த அட்டைய மாட்டு மொதல்ல. ருக்கு, நீ போய்க் காபி கொண்டுவா. எல்லாருக்கும்.” நான் நகர்ந்ததும், “ருக்கு” என்று திரும்பக் கூப்பிட்டார். “மனசுல வெச்சுக்காதம்மா” என்றார்.

டோரீன் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். இந்த முறை ஃபேன் சுற்றும் சத்தம் எனக்கே கேட்டது.

அவள் பிறகு பெண்கள் பாலிடெக்னிக்கில் படித்தாள். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். கல்யாணமாகியும் ஒக்கலிபுரத்தை விட்டுப் போகவில்லை. வழியில் பார்த்தால் ஸ்கூட்டியை நிறுத்தி, “லாவண்யா எப்படி இருக்கா?” என்று என் மகளை விசாரிப்பாள். லாவண்யாவும் ஒன்பதாம் வகுப்பில் அதே மேஜையில் உட்கார்ந்தவள்தான். எனக்கு அந்த வேலை நிரந்தரமானது. டோரீனுக்கு நன்றி சொல்லப் பலமுறை வாயெடுத்து, சொல்லாமலே வந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த வருடத்து ஆயுத பூஜையையும் சொல்லிவிட வேண்டும். அன்று ஜகதாம்பாள் மேடம் தட்டோடு நேராக ஹெல்ப் டெஸ்க்குக்குத்தான் போனார்.

“ஏம்மா டோரீன், பொட்டு எங்கே வைக்கலாம், சொல்லு.”

மூடிகளெல்லாம் மாட்டியிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் இடம் காட்டினாள். மேடம் பொட்டு வைத்தார், ஒரு சாமந்தி வைத்தார். தட்டில் அட்சதை மிச்சமிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்க மேல போடுங்க மேடம்” என்றாள் டோரீன். கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, முதலில் அவள்தான் தலையைக் குனிந்தாள். பிறகு சீனு, மற்றப் பிள்ளைகள். வாசலில் துடைப்பத்தோடு நின்ற என்னையும் கையைப் பிடித்து இழுத்து அவர்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.