எக்ஸெல்லில் இல்லாத கட்டம்

விவேக் நகர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்த நர்ஸம்மா, குட்டையான உருவம், மூக்குநுனியில் கண்ணாடி. வரிசையிலிருக்கும் குழந்தைகளைத் தூக்கிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. என் ஒன்றரை வயது மகள் வாந்தியும் பேதியுமாகத் துவண்டிருந்தாள். எத்தனை தடவை என்று மணிவாரியாக எக்ஸெல்லில் குறித்திருந்ததை நீட்டினேன்.

"அது இருக்கட்டும் சார், ஒண்ணுக்கு எப்போ போனா?"

அந்தக் கட்டத்தை நான் போடவே இல்லை.

அவர் தூக்கியதும் மகள் அழுதாள்.

"அழுவுறா, ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. வாயும் காஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் சார் கொட்டுது!" என்றவர், வரிசையைத் தாண்டி நேராக டாக்டரிடம் கொண்டுபோனார்.

டிரிப்ஸ் ஏறி, சாயங்காலம் டயப்பர் நனைந்து கனத்தது. அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"ஸ்வல்ப... கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். டஸ்ட்பின் அந்தப் பக்கம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.