சட்டைப் பையில் ஒரு மிட்டாய்

என் வீட்டுக்காரர் மைசூரில் ஒரு ஷீட் கம்பெனியில் வேலை பார்த்தார். வீட்டுக் கூரைக்குப் போடுவார்களே, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதை மெஷினில் அறுப்பது அவர் வேலை. சாயங்காலம் திரும்பும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். பிறந்த ஊரான மார்டள்ளியில் எனக்குக் கட்டிவைத்தது கறுப்பு மாப்பிள்ளை, கம்பெனிதான் தினமும் வெள்ளைக்காரனாக்கி அனுப்புகிறது என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்வேன்.

அந்தச் சட்டையை உதறாமல் நனைத்தால் தூள் சேறாகித் துணியில் அப்பிக்கொள்ளும். உதறினால் எனக்குத் தும்மல் வரும். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஏழு வயது. அவளுக்காக அவர் தினமும் ஒரு கடலை மிட்டாய் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். "சட்டையை யார் உதறுறாங்களோ அவங்களுக்குத்தான் மிட்டாய்" என்று வீட்டில் சட்டம் போட்டேன்.

அவள் சட்டையைச் சுவரில் ஓங்கி அடிப்பாள். தூள் பறக்கும். "மழை, மழை" என்று அதற்குள் நின்று குதிப்பாள். நான் உள்ளே காலை நீட்டிக்கொண்டு காப்பி குடிப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் வேலையைத் தள்ளிவிடுவதில் பட்டம் வாங்கியவள்.

அவர் ரிட்டையராகிப் பல வருஷம் கழித்துத்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார்.

"ஏனுங்க, கடைக்குப் போகச் சொன்னா மட்டும் மூச்சு வாங்குதாக்கும்?"

"உன்னக் கட்டுன அன்னிக்கே பாதி மூச்சு போயிருச்சு புள்ள. மிச்சந்தான் இப்பத் தீருது."

சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். நடிக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரல் பூராவும் தழும்பு, ஷீட் தூள் உள்ளே போய்த் தங்கியதால் வந்தது என்று கன்னடத்தில் சொன்னார். முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட வெளியே தெரியுமாம். வேலை செய்தவருக்கு மட்டுமில்லை, துணியில் வந்த தூளைச் சுவாசித்தவர்களுக்கும் வரலாமாம்.

"அஜ்ஜி, அவர் துணியை வீட்டில் உதறியது யார்?" என்று என்னைப் பாட்டி முறை வைத்துக் கேட்டார்.

மகள் டிபன் கேரியரோடு என் பக்கத்தில் நின்றாள்.

"நான்தான். எல்லாமே நான்தான்" என்றேன்.

எத்தனையோ பொய் சொன்ன வாய். அன்றைக்குக் குழறியது. அவள் பேரைச் சொன்னால் நோயும் அவளுக்கு வந்துவிடும்போல இருந்தது.

கட்டிலில் இருந்தவர் ஆக்சிஜன் மாஸ்கைத் தூக்கினார். தண்ணீர் குடிக்கக்கூட அதைக் கழற்றப் பயப்படுகிறவர்.

"பொய் சொல்றா டாக்டர்... புள்ளதான்... புள்ளதான் உதறுனா. அவளப் பாருங்க."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு எத்தனை மூச்சு ஆனது! அதற்கப்புறம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசவில்லை. பத்து நாளில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து எனக்கும் மகளுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் வந்து பார்க்கணும் என்றார்கள். "இப்போதைக்கு" என்ற வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனதும் மகள் கேட்டாள். "ஏம்மா, நான் உதறலைன்னா அப்பா மிட்டாய் குடுத்திருக்க மாட்டாரா?"

"குடுத்திருப்பாரு கண்ணு. உனக்குன்னு வாங்குனதுதான் அது."

"அடப்பாவி அம்மா!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"ரோட்டுத் தூசிம்மா" என்றாள்.

முந்தானையை எடுத்து அவள் மூக்கைப் பொத்தினேன்.

"விடும்மா, மூச்சு முட்டுது."

வீடு வரும்வரை விடவில்லை.