கீரை வெந்த தண்ணீர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் அநேகமாக எல்லாருமே அண்ணனுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்திருக்கிறீர்கள். மாம்பழம், இளநீர், ரம்புத்தான், தீபாவளி முறுக்கு. மறுத்தால் மனம் நோகுமே என்று அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். நீங்கள் படியிறங்கியதும் அவை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவருடைய சாப்பாட்டை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்ல அவர் தங்கையான எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்தவர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். அம்மா பாலுக்கு ரப்பர் மரம் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். அரிசி குறைந்த நாட்களில் லயத்துக்குப் பின்னால் முளைத்திருக்கும் கீரையைப் பறித்து வேகவைப்பார்கள். கீரை எங்கள் தட்டுக்கு வந்துவிடும். அது வெந்த தண்ணீரில் மிளகைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு அம்மா வேலைக்குப் போவார்கள். சத்தெல்லாம் இதில்தான் இருக்கிறது, உங்களுக்குச் சக்கைதான் என்று எங்களிடம் பெருமை வேறு பேசுவார்கள். அண்ணன் ஐந்தாம் படிவம் முடித்து, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு உதவியாக இருந்து, பிறகு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். கையோடு எங்களைச் செரண்டாவுக்கு அழைத்து வந்து, இனி நீங்கள் மரம் வெட்டப் போக வேண்டாம் என்று அம்மாவை வீட்டில் உட்கார வைத்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அண்ணனுக்குப் பெண் பேசி முடித்திருந்த சமயம், காலையில் எழுந்தால் அவருடைய முகம் ஊதியிருக்கும். சப்பாத்துக்குள் கால் நுழையாது. தலைநகரத்து ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்றார்கள். சம்பந்தம் நின்றுபோனது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான்தான் இன்றுவரை அந்த வீட்டார் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரங்கள் அப்போது மிகக் குறைவு. காத்திருந்தவர்களோ ஏராளம். வயது குறைவு, வேலையிலும் இருக்கிறார் என்பதால் அண்ணனுக்கு இடம் கிடைத்தது. சொன்னபடி சாப்பிடாதவருக்கு இயந்திரம் இருந்தும் பயனில்லை, அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நம் வீடுகளில் பத்தியம் என்றால் இளநீர், கீரை, பழம். மீனையும் முட்டையையும் தள்ளி வைப்போம். அங்கே சொன்னது அதற்கு நேர்மாறு. இயந்திரம் உடம்பின் சத்தையும் சேர்த்து இழுத்துவிடும், அதனால் மீனும் முட்டையின் வெள்ளைக் கருவும் வேண்டும் என்றார்கள். இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயம் நின்றுவிடும் என்றார்கள். உப்பு ஆகாது. தண்ணீர் அளந்துதான்.

அந்தத் தண்ணீர்தான் அண்ணனை வதைத்தது. செரண்டாவில் மழை கொட்டும்போது ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு அது கரையும்வரை பேசமாட்டார். அவர் கண்ணில் படக்கூடாது என்று அம்மாவும் நானும் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்று தண்ணீர் குடிப்போம். இந்த ஒரு வருடமும் நான் அப்படியேதான் குடிக்கிறேன். திரும்பிக் குடிக்க மனம் வரவில்லை. பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. அண்ணன் படத்துக்கு முன்னால் வைக்கும் செம்பில் விருந்தாளி யாராவது தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டால், அவர்கள் போனதும் அம்மா பாதியைக் கொட்டிவிடுகிறார்கள்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். கீரை, கிழங்கு எதுவானாலும் நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் அதை அம்மாவுக்கு விளக்கினார். அம்மா அப்படியே செய்தார்கள். ஆனால் வடித்த தண்ணீரைக் கீழே கொட்ட அந்தக் கை பழகியிருக்கவில்லை. நோயில் இளைத்துப்போன பிள்ளைக்குச் சக்கையைக் கொடுத்துவிட்டுச் சத்தைக் கொட்டுவதா என்று நினைத்து, அந்தத் தண்ணீரில் மிளகும் பூண்டும் தட்டி ரசம் வைத்தார்கள். அளவு மீறக்கூடாது என்று அரைக் குவளைதான் கொடுப்பார்கள். அண்ணன் அதை விரும்பிக் குடிப்பார்.

ஒரு நாள் டயாலிசிஸுக்குக் கிளம்பியவருக்குப் பேருந்துப் படியில் கால் தூக்க வரவில்லை. கண்டக்டர் தாங்கி ஏற்றிவிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இதயத் துடிப்பு தடுமாறியிருந்தது. உடனே இயந்திரத்தில் போட்டதால் பிழைத்தார். என்ன பழம் தின்றாய் என்று தலைமைத் தாதி கோபித்துக்கொண்டார். பழமே தொடவில்லை என்று அண்ணன் சொன்னதை அவர் நம்பவில்லை. பொய் சொல்கிறவர்களுக்கு இங்கே இடம் கொடுக்க முடியாது என்றுகூடச் சொல்லிவிட்டார். பிறகு வாயில் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். ரசம் என்றதும், எந்தத் தண்ணீரில் வைத்தது என்று கேட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்தவர் அம்மாவிடம் ஆஸ்பத்திரியில் நடந்த எதையும் சொல்லவில்லை. "அந்தத் தண்ணி எனக்கு ஒத்துக்கலம்மா. ஆற வச்சு பின்னால வாழைக்கு ஊத்துங்க, அது நல்லா வரும்லா" என்று மட்டும் சொன்னார். சாகக் கிடந்துவிட்டு வந்த மனிதர் அம்மாவின் மனம் நோகாமல் சொல்ல வழி தேடியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்திருந்த உறவினர் ஒருவர் மட்டும் தாதி பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

அண்ணன் இறந்த எட்டாம் நாள், சாப்பாட்டுப் பந்தியில், அந்த உறவினர் வாயைத் திறந்தார். "ரசத்த ஊத்தி ஊத்தியே புள்ளைய அனுப்பிட்டியேக்கா." யார் என்று நான் எழுதப்போவதில்லை. சொன்னவருக்குத் தெரியும். அன்றிரவு அம்மா என்னைக் கேட்டார்கள். கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் ரசம் கிடையாது. இப்போதும் அம்மா கீரையை ஊறவைத்து வேகவைத்து வடிக்கிறார்கள், வீட்டில் யாருக்கும் நோயில்லை என்றாலும். பானையை எடுத்துக்கொண்டு வாழையடிக்குப் போனவர்கள் ஊற்றாமல் நின்றுவிடுகிறார்கள். நான் போய்ப் பானையை வாங்கி ஊற்றிவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியிருக்கிறது.

ஆகவே எல்லாரும் அறிய எழுதுகிறேன். அம்மா ரசத்தை நிறுத்திப் பல ஆண்டுகள் அண்ணன் உயிரோடு இருந்தார். புரோட்டான் சாகா கார் வந்த புதிதில் நண்பரோடு அதில் ஏறி கோலா குபு பாரு வரை போய் வந்தார். அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இவர் வீட்டில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று அதே தலைமைத் தாதி மற்ற நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார். நீண்ட நாள் நோயில் இதயம் ஓய்ந்துபோனதுதான் முடிவுக்குக் காரணம் என்று மருத்துவர் என்னிடம் நேரில் சொன்னார். அம்மாவின் கை அண்ணனைக் கொல்லவில்லை. அத்தனை வருடம் இழுத்துப் பிடித்து வைத்திருந்ததே அந்தக் கைதான்.

கடைசி நாட்களில் நாக்கு வறண்டு பேச்சே குழறியது. நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். "அந்த ரசம் குடிச்ச நாள்லதான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு, தங்கச்சி. அம்மாகிட்ட சொல்லிடாத. மறுபடி வச்சிருவாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் சொல்லாதே என்றதையும் சேர்த்துத்தான் படித்தேன். அம்மா கடைசிவரை கேட்டார்கள். பிறகு, "ரசத்துல நான் உப்பு போடலன்னு எழுதும்மா. அத விட்டுறாத" என்றார்கள். எழுதிவிட்டேன். அம்மா அந்த ரசத்தில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை.

ஹரிராயா பெருநாளுக்கு அண்ணனுக்கென்று உப்பில்லாமல் தனியே சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கும், அண்ணனைக் காணவில்லை என்றால் பேருந்தை எடுக்காமல் காத்திருந்த கண்டக்டருக்கும், ஆஸ்பத்திரி நாட்களுக்கேற்ப வேலை நேரத்தை மாற்றித் தந்த தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கும், கோபித்துக்கொண்டாலும் கைவிடாத தாதிமாருக்கும், தோளில் சுமந்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று படையல் முடிந்து இலை போடும்போது அம்மா ரசம் பரிமாற வருவார்கள். இதைப் படித்துக் காட்டிய அன்றே மிளகும் பூண்டும் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு வைக்கிறார்கள். கொஞ்சம் சிந்தும். யாரும் போதும் என்று இலையைக் கையால் மறைக்காதீர்கள். குடித்துவிட்டு, அம்மாவின் காதில் விழும்படி, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று கேளுங்கள்.